பட்டினப்பாலையும் சிங்கை ஆறும்

காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த பண்டங்களின் பட்டியலுக்கு வந்து சேர்ந்ததும், பட்டினப்பாலையைப் பாடஞ் சொல்லும் ஆசிரியரின் குரல் தானாகவே ஒரு படி உயர்ந்துவிடும். கடல்வழி வந்த குதிரை, மிளகுப் பொதி, வடமலைப் பொன்னும் மணியும், மேற்குமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்கடல் பவளம், கங்கையின் விளைவு, காவிரியின் பயன், ஈழத்து உணவு, காழகத்து ஆக்கம் என ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதுவார். மாணவர் அதனை மனப்பாடம் செய்வர். எப்பண்டம் எத்திசையிலிருந்து வந்தது என்ற வினா தேர்வில் வரும்; விடை எழுதியவர் முழு மதிப்பெண் பெறுவர். பண்டைத் தமிழர் கடல் வாணிகத்தில் சிறந்து விளங்கினர் என்ற ஒரு வரியோடு பாடம் முடிந்துவிடும். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் கற்பித்தேன்.

விடுமுறைக்கால ஆசிரியர் வகுப்பொன்றில், பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, இத்தனை மூட்டையையும் கப்பலிலிருந்து இறக்கினது யாருங்க?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டைப் பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒருவாறு சமாளித்தேன். அன்றிரவு அந்த 301 அடிகளையும் அவ்வொரு வினாவையே முன்வைத்து மீண்டும் படித்தேன். இக்கட்டுரை அப்படிப்பிலிருந்து பிறந்தது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது ஒரு துறைமுகத்தின் அழகை மட்டுமன்று. அது எவ்வாறு பிழைத்தது என்பதையும் அவர் பாடியிருக்கிறார். வெள்ளுப்பை விற்று, அதற்கு மாறாக நெல்லை ஏற்றிக்கொண்டு உள்நாட்டிலிருந்து திரும்பிய படகுகள், கொட்டிலில் கட்டிய குதிரைகளைப் போலத் தறிகளில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. உப்பும் நெல்லும் மாறிய இச்சிறு வாணிகமே பட்டினத்துக்குச் சோறு போட்டது. குதிரையும் பவளமும் பின்னர் வந்தவை. பாட்டிலும் படகுகள் முன்னே நிற்கின்றன, பவளம் பின்னே வருகிறது. நம் பாடக்குறிப்புகளிலோ படகைக் காணோம். அடுத்துச் சுங்கம் கொள்வோர் வருகின்றனர். கதிரவன் தேரிற் பூட்டிய குதிரைகளைப் போல நாள்தோறும் ஓய்வின்றி உழைப்பவர் என்கிறார் புலவர். கடலினின்று நிலத்துக்கு ஏறுவதும் நிலத்தினின்று கடலுக்கு இறங்குவதுமாகிய சரக்கு, கடல்நீரை முகந்து மலையிற் பொழியும் மேகத்தோடும், மலையிற் பெய்து கடலிற் சேரும் வெள்ளத்தோடும் ஒப்பிடப்படுகிறது. இவ்வுவமையை அணியழகுக்காகவே நாம் எடுத்துக்காட்டுகிறோம். ஏற்றுமதி, இறக்குமதி என்னும் இரண்டையும் ஒருங்கே நிறுத்திக் காட்டும் கணக்கும் அதற்குள் இருக்கிறது. பண்டம் அளவு காணப்படுகிறது, புலிப்பொறி இடப்படுகிறது, முற்றத்தில் அடுக்கப்படுகிறது. வணிகரோ கொள்வதில் மிகை கொள்ளாமலும், கொடுப்பதில் குறை கொடாமலும், தம் ஊதியம் இவ்வளவு என்று வெளிப்படக் கூறியே விற்கின்றனர்.

இளைஞரின் வினாவுக்கு விடை மட்டும் கிடைக்கவில்லை. மூட்டைகள் மலைபோற் குவிந்திருக்கின்றன. அவற்றின்மேல் நாயும் ஆட்டுக்கடாவும் ஏறிக் குதித்து விளையாடுகின்றன; மலைச்சாரலில் துள்ளும் வரையாட்டுக்கு அவற்றை ஒப்பிட்டு மகிழ்கிறார் புலவர். மூட்டையின்மேல் ஏறிய நாய்க்குப் பாட்டில் இடம் கிடைத்தது. மூட்டையைச் சுமந்து வந்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. பரதவரின் ஓய்வுநாளையும், அவர்கள் சுறாக்கொம்பு நட்டு வழிபட்டதையும், மாடத்து விளக்குகளை அவர்கள் கடலிலிருந்து எண்ணியதையும் அத்தனை பரிவோடு பாடியவர் அவர். அத்தகையவர் கண்ணிலும் சுமைகாரன் படாமற் போனான் என்றால், துறைமுகத்தைப் பாடுவதிலேயே ஓர் இயல்பான குருட்டுப் புள்ளி உண்டு என்றுதான் கொள்ள வேண்டும். பூம்புகாரை அடுத்த கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1960களில் அகழ்ந்தபோது, செங்கல்லாற் கட்டிய படகுத் துறையொன்றும் படகு கட்டிய மரத்தறிகளின் அடிப்பகுதிகளும் வெளிப்பட்டன. பாட்டு சொன்ன தறி மண்ணுக்கடியிலும் இருந்தது. படகோட்டியின் பெயர் இரண்டிடத்தும் இல்லை.

இவ்விடத்தில் உரையாசிரியரைப் பற்றியும் ஒரு சொல். மிளகு 'காலின்' வந்தது என்னுமிடத்தில், கால் என்பதை வண்டி எனக் கொள்வாரும் காற்று எனக் கொள்வாரும் உளர். வண்டியாயின், சேரநாட்டு மிளகு கணவாய் கடந்து தரைவழி வந்ததாகும். காற்றாயின், குமரியைச் சுற்றிக் கப்பலில் வந்ததாகும். சொல்லொன்றின் பொருள் மாறினால் நாட்டின் வாணிகப் பாதையே மாறிவிடுகிறது. நாம் அதனைச் சொற்பொருட் சிக்கலாக மட்டும் கருதித் தாண்டிப் போகிறோம். காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று உரை கூறினார். மலாயாத் தமிழாசிரியர்க்கு இது தேன். கெடா மாநிலம் சங்ககாலத்திலேயே நம்மோடு வாணிகம் செய்தது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அவரைப் பொதுவாகப் பதினான்காம் நூற்றாண்டினர் என்பர். 1025இல் இராசேந்திரன் கடாரங்கொண்ட செய்தி தமிழகமெங்கும் பரவிய பின் வாழ்ந்தவர். அவர் செவியில் கடாரம் என்ற பெயர் முன்னமே ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் உரை சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதனைச் சங்ககாலத்துச் சான்றாகக் கொள்வது வேறு. நம் பெருமைக்கு வேண்டியதை முன்னரே முடிவு செய்துகொண்டு பாட்டைத் திறக்கும் வழக்கத்துக்கு இது ஒரு சான்று. இவ்வழக்கம் சிங்கப்பூரைப் பற்றி நாம் எழுதும்போதும் நம்மை விடுவதில்லை.

சிங்கப்பூர் இன்று மாபெருந் துறைமுகம். ஆயினும் 1819க்குப் பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம், அவ்வூர் வாழ்ந்தது மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த ஒரு சிற்றாற்றின் கரையில்தான். தமிழிலக்கியத்தில் ஆற்றுமுகப் பட்டினத்தைப் பயின்ற நமக்கு, கண்ணால் காணக்கூடிய வேறோர் ஆற்றுமுகப் பட்டினம் இவ்வளவு அருகில் இருக்கிறது. உருத்திரங்கண்ணனார் எதையெல்லாம் கவனித்தாரோ அதையெல்லாம் இங்கும் கேட்டுப் பார்க்கலாம்: படகு எங்கே நின்றது, சரக்கை யார் ஏற்றி இறக்கினர், யார் அளந்தனர், வரி எங்கே விழுந்தது, பல மொழி பேசுவோர் எப்படி ஒன்றாய் இருந்தனர். நூல்களுள் ஸ்டீபன் டாப்ஸ் 2003இல் வெளியிட்ட சிங்கப்பூர் ஆற்றின் சமூக வரலாறு இவ்வினாக்களிற் பலவற்றுக்கு விடை தருகிறது. அது ஆங்கில நூல். அதற்கு நிகரானதொரு நூல் தமிழில் என் கண்ணிற் பட்டதில்லை.

ஆற்றின் தென்கரை அப்போது சதுப்பு நிலம். 1822இல் அருகிலிருந்த சிறு குன்றொன்றை வெட்டிச் சரித்து, அம்மண்ணைக் கொண்டே சதுப்பைத் தூர்த்தனர். தூர்த்த கரை 'போட் கீ' என்னும் படகுத்துறையாயிற்று. குன்று நின்ற இடம் வணிகச் சதுக்கமாகிப் பின்னர் ராபிள்ஸ் பிளேஸ் எனப் பெயர் பெற்றது. ஆறு அவ்விடத்தில் வளைந்து அகன்றிருப்பதைக் கெண்டைமீனின் வயிறு என்று சீன வணிகர் கொண்டாடினர். செல்வம் தங்குமிடம் என்பது அவர் நம்பிக்கை. 1860களில் இந்நகரத்துக் கப்பல் வாணிகத்தில் முக்காற்பங்கு இத்துறையில் நடந்தது என்பர். பெருங்கப்பல் ஆற்றுக்குள் வராது. முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். தொங்கான் என்று நாம் வழங்கும் சரக்குப் படகுகள் அதனிடம் சென்று, அரிசி, மிளகு, சவ்வரிசி, துணி முதலியவற்றை ஏற்றிவந்து கரையோரம் ஒட்டி நிற்கும். படகுக்கும் கரைக்கும் இடையே ஒரு பலகை. அப்பலகைமேல் மூட்டையுடன் நடப்பவன் கால் தவறினால் ஆற்றுக்குள் விழுவான். கிடங்கின் வாயிலுக்கும் நீருக்கும் இடையே சில அடி தூரமே. படகு, பலகை, முதுகு, கிடங்கு: இந்நான்குமே அத்துறைமுகத்தின் எந்திரங்கள். பின்னாளில் மலாயாத் தோட்டங்களில் காய்ச்சிப் புகையூட்டிய ரப்பர் ஷீட்டுகளும் இவ்வாற்றங்கரைக் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்தன. தோட்டப் பள்ளியில் காலங்கழித்த எனக்கு அது வேற்றூர்ச் செய்தியாகத் தோன்றவில்லை.

ஆற்றின் எசமானன் ஓதம். நீர் ஏறும்போது படகு உள்ளே வரும். வற்றினால் சேற்றில் அமர்ந்துவிடும். 1869இல் கவெனா பாலத்தைக் கட்டியவர்கள் இதனை மறந்துவிட்டனர் போலும். பாலம் தாழ்வாக அமைந்துவிட்டது. ஓதம் ஏறியிருக்கையில் சரக்குப் படகு அதன்கீழ் நுழைய முடியாது. நீர் வடியும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அப்பாலத்தை அமைத்ததில் இந்தியக் கைதிகளின் உழைப்பும் உண்டு. 1825 முதல் இங்குக் கொண்டுவரப்பட்டு, 1873இல் கைதி முகாம் மூடப்படும்வரை சாலையும் பாலமும் கோயிலும் மாளிகையும் கட்டியவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருப்பதால் இங்கு விரிக்கவில்லை.

இனிச் சுங்கம். பட்டினப்பாலையின் நடுநாயகம் புலிப்பொறி. சிங்கப்பூரில் அப்பொறிக்கே இடமில்லை. வரும் சரக்குக்கும் போகும் சரக்குக்கும் வரியில்லை என்பதே ராபிள்ஸ் வகுத்த விதி. வணிகர் ஓடிவந்ததற்கு அதுவே முதற்காரணம். நம் கட்டுரையாளர் பலர் இதனை ஆங்கிலேயரின் பெருந்தன்மை என்பதுபோல எழுதிச் செல்கின்றனர். அரசாங்கம் காற்றைக் குடித்து வாழ முடியாது. 1820இலேயே அபினி, சாராயம், சூது ஆகியவற்றுக்குக் குத்தகை விடப்பட்டது. சூதாட்டக் குத்தகை 1829இல் ஒழிந்தது. அபினிக் குத்தகை மட்டும் 1910இல் அரசே அதனை ஏற்று நடத்தத் தொடங்கும்வரை நீடித்தது. பல ஆண்டுகளில் அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்து வந்தது. அதனை மிகுதியும் புகைத்தவன் யார்? பகலெல்லாம் மூட்டை சுமந்து இரவில் உடல்வலி தாங்காத சீனக் கூலியாள். வணிகனின் மூட்டைமேல் விழ வேண்டிய வரி, அதனைச் சுமந்தவனின் நுரையீரலில் விழுந்தது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அதிகாரி கண்டிப்பானவராயினும், அவர் வரி வாங்கியது மூட்டைக்கு. இவ்வொப்பீட்டை வகுப்பில் எடுத்துக் கூறுங்கள். சுங்கம் என்ற சொல்லை மாணவர் பிறகு மறக்க மாட்டார்கள்.

இவ்வாற்றில் தமிழர் எங்கே இருந்தனர்? 1824ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 10,683 பேர் கொண்ட ஊரில் இந்தியர் 756 பேர். சிறு தொகைதான். ஆனால் 1822இல் வகுக்கப்பட்ட நகரமைப்புத் திட்டத்தில் தென்கரையில், சீனர் குடியிருப்புக்கு மேற்பால், சூலியர் கம்பம் என்று ஒரு பகுதியே ஒதுக்கப்பட்டது. சூலியர் என்போர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர். தமிழ் முஸ்லிம்கள் அவர்களுட் பெரும்பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆற்றின் சரக்குப் படகுத் தொழிலில் இவர்கள் கையே ஓங்கியிருந்தது. படகில் தண்டு வலித்தவர்களும் இவர்கள். படகுத் தலைவனுக்கு வழங்கிய தண்டல் என்னும் நம் சொல் மலாயிலும் புகுந்தது. கப்பல், கடை, பெட்டி, முதல் ஆகிய சொற்களும் அம்மொழியில் இன்றும் வழங்குகின்றன. அரசர்கள் கொண்டுபோய்ச் சேர்த்த சொற்கள் அல்ல இவை. துறையில் கூவி விற்றவனும் கணக்கு எழுதியவனும் விட்டுச் சென்றவை.

அவர்கள் விட்டுச் சென்ற கட்டடங்களும் உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமியா சூலியா பள்ளிவாசல் 1826இல் தோன்றியது. தெலுக் ஆயர் தெருவிலுள்ள அல்-அப்ரார் பள்ளிவாசல் 1827இல் ஓலைக் குடிலாகத் தொடங்கியதால் குச்சுப்பள்ளி எனப்பட்டது. அதே தெருவில் சில ஆண்டுகளுக்குள் நாகூர் தர்கா எழுந்தது. நாகூர் ஆண்டவர் கடலோடிகளின் காவலர் என்று போற்றப்படுபவர். கடற்கரையைத் தூர்ப்பதற்கு முன் தெலுக் ஆயர் தெருவின் வாசலிலேயே அலையடித்தது. படகிலிருந்து இறங்கியவன் ஈரக்காலோடு சென்று நன்றி செலுத்திய இடம் அது. அருகிலேயே சீனரும் தம் கடல்தெய்வத்துக்குக் கோயில் எழுப்பினர். திருவிழாவிற் கூடியவர்போலப் பல தேயத்து மாந்தர் கலந்து இனிதுறைந்தனர் என்று புகாரைப் பற்றிப் புலவர் கூறியது இத்தெருவுக்கும் பொருந்தும். இருந்தும், சிங்கைத் தமிழர் வரலாறு என்று நாம் எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலானவை நாராயண பிள்ளையையும் 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலையும் கூறிவிட்டு, குச்சுப்பள்ளியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. தொழிலைக் கொண்டு வரலாறு எழுதினால் இப்பிழை நேராது. ஆற்றில் எல்லாரும் ஒரே நீரில்தான் தண்டு வலித்தனர்.

ஆற்றின் தொடக்கநாட்களைக் கண்ணாற் கண்டு எழுதியவர் முன்ஷி அப்துல்லா. குன்றை வெட்டிச் சதுப்பைத் தூர்த்ததையும், ஆற்றுவாயில் எழுத்துப் பொறித்த பாறையொன்று கிடந்ததையும், அதனைப் படிக்க ஆளாளுக்கு முயன்றதையும் அவர் வரலாற்று நூலிற் காணலாம். 1840களின் தொடக்கத்தில் எழுதி 1849இல் அச்சான நூல் அது. அவர் குடும்பத்தில் அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்திருந்தன. மலாக்காவில் வசதியுள்ளோர் பிள்ளைகள் வாணிகக் கணக்குக்காகத் தமிழ் கற்பது அன்றைய வழக்கம் என்றும், தம்மையும் தந்தையார் தமிழ் பயில அனுப்பினார் என்றும் அவரே எழுதியிருக்கிறார். தமிழ் ஒரு காலத்தில் இக்கரையில் கணக்குமொழியாக இருந்தது என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டுமோ! அந்நூல் மலாயில் இருக்கிறது. மலாய் படிக்கத் தெரிந்த தமிழாசிரியர் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். நம் பாடங்களில் அதற்கு இடமில்லை.

கணக்கு என்றதும் செட்டியார் நினைவுக்கு வருவார். ஆற்றுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் மார்க்கெட் தெரு. அங்கே நீண்ட கூடம்போன்ற கிட்டங்கிகளில், ஒரே கூரையின்கீழ் பல மார்க்கா முதலாளிகளின் பெட்டகங்களும் சாய்வு மேசைகளும் வரிசையாக இருக்கும். பாயில் அமர்ந்து மூன்றாண்டுத் தவணைக்கு ஊரிலிருந்து வந்த ஏஜண்டு கடன் கொடுப்பார். வங்கி நம்பாத சிறு வணிகனை அவர் நம்பினார், வட்டியும் வாங்கினார். 1859இல் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்கள் இவர்கள். 1970களுக்குப் பின் உயரக் கட்டடங்களுக்காக அத்தெருவின் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. செட்டியாருக்குப் பேரேடு உண்டு, கோயில் உண்டு, ஆற்றங்கரையில் இன்று சிலையும் உண்டு. அங்கு நிறுத்தியுள்ள வெண்கலச் சிற்பங்களுள் ஒன்று செட்டியாரைப் பொருளியல் நிபுணர்களோடு சேர்த்துக் காட்டுகிறது. மற்றொன்றில் வெள்ளைக்கார வணிகர் பேரம் பேச, சீனக் கூலியும் இந்தியக் கூலியும் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகின்றனர். மூட்டை சுமந்தவனுக்கு வெண்கலத்திலேனும் இடம் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆற்றையே ஆண்ட தமிழ்ப் படகோட்டியை மட்டும் நான் தேடிக் காணவில்லை.

அவன் எப்போது மறைந்தான்? 1860களுக்குப் பின் சரக்குப் படகுத் தொழில் படிப்படியாகச் சீனர் கைக்கு மாறியது. முகப்பில் கண் எழுதிய அவர்களுடைய படகுகள் ஆற்றை நிறைத்தன. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை என்று கருதுகிறேன். கரையோரக் கிடங்குகளின் உடைமையாளர் பெரும்பாலும் சீன வணிகர். தம் ஊரானும் தம் மொழி பேசுவோனும் ஓட்டும் படகை அவர் விரும்பியது இயற்கை. நம்மவர் படகை வைத்திருந்தனரேயன்றிக் கிடங்கை வைத்திருக்கவில்லை. அதே காலத்தில் நீராவிக் கப்பல்கள் பெருகின. 1864இல் தஞ்சோங் பகார் கப்பற்பட்டறைக் கம்பெனி தோன்றியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. புதிய துறைமுகத்தில் கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழன் அங்கே போனான். ஆற்றில் படகு உடைமையாளனாகவும் தண்டலாகவும் இருந்தவர் வழியில் வந்தவர்கள் துறைமுகத்தில் நாட்கூலி பெற்றனர். இந்த இறக்கத்தை நம் வரலாற்றுக் கட்டுரைகள் பேசுவதில்லை. ஏற்றத்தை மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது, அது வாழ்த்துப்பா.

அதற்கு மாறாக, எதைப் பேசுகின்றன? ஆற்றுவாயில் கிடந்த பாறையைப் பேசுகின்றன. முகத்துவாரத்தை அகலப்படுத்துவதற்காக 1843இல் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்து இன்னும் முற்றாகப் படிக்கப்படவில்லை. சோழர் பட்டப்பெயரொன்றின் பகுதி அதில் தெரிவதாக அண்மையில் ஓர் அறிஞர் ஊகம் வெளியிட்டார். ஊகமாகவே அவர் வைத்ததை நம் மேடைகள் முடிவாக்கிவிட்டன. நூறு துண்டான கல்லில் ஓர் அரசன் பெயரைத் தேடும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கு, அதே ஆற்றில் நாற்பது ஆண்டுக்கு மேல் படகு வலித்தவனைத் தேடுவதற்குச் செலவிட்டால் என்ன? தாய்லாந்தின் கிராபி மாவட்டத்தில் குலோங் தொம் என்னும் ஆற்றோரப் பழந்துறையில் கிடைத்த சிறு உரைகல்லில், அது பெரும்பதனின் கல் என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டினது. பொன் உரைத்துப் பார்த்த ஒரு தொழிலாளியின் பெயர். எனக்கு அக்கல் எந்த மெய்க்கீர்த்திக்கும் குறைந்ததன்று.

இன்னொரு பழக்கம், தமிழர் வாழ்வு முழுவதையும் சிராங்கூன் சாலைக்குள் அடக்கிவிடுவது. தேக்காவைச் சிறுமைப்படுத்த இதனைக் கூறவில்லை. ஆனால் அதன் பொருளியல் வேறு. அது சுண்ணாம்புக் காளவாயும் செங்கற் சூளையும் மாட்டுத்தொழுவமும் இருந்த உள்நிலம். சுண்ணாம்புக் கம்பம் என்று முதியோர் வழங்கிய பெயரும், எருமையின் பெயர் தாங்கி நிற்கும் தெருக்களும் அதனை இன்றும் சொல்லும். ரோச்சோர் ஆற்று நீரும் புல்லும் மாட்டை வரவழைத்தன. மாடு பால்காரனையும் வண்டிக்காரனையும் வரவழைத்தது. அவர்களைத் தொடர்ந்து கடைகள் வந்தன. ஆற்றங்கரைத் தமிழன் கடலைப் பார்த்து வாழ்ந்தான். சிராங்கூன் தமிழன் நகரத்துக்குப் பாலும் சுண்ணாம்பும் கொடுத்து வாழ்ந்தான். 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றன, நன்று. அங்கிருந்து பேருந்தில் சற்று நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஆற்றுக்கு யாரும் அழைத்துச் செல்வதில்லை.

சென்ற ஆண்டு நான் பிள்ளைகள் சிலருடன் போனேன். படகுத்துறை இப்போது உணவுக்கடை வரிசை. 1977இல் ஆற்றைப் பத்தாண்டில் தூய்மையாக்க வேண்டும் என்று பிரதமர் லீ குவான் யூ பணித்தார்; 1983இல் ஏறத்தாழ 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன; 1987இல் பணி முடிந்தது. நாற்றம் போயிற்று, மீன் திரும்பி வந்தது. அதனைக் குறைகூற எவராலும் இயலாது. கவெனா பாலத்தின் முகப்பில் பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது. ஏறத்தாழ 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியும் மாடும் குதிரையும் பாலத்தில் ஏறலாகாது என்று அதிற் கண்டிருப்பதைப் பிள்ளைகள் கூட்டமாக நின்று படித்தனர். தாழ்ந்த பாலத்தின்கீழ் நுழைய ஓதம் வடியும்வரை படகுகள் காத்திருந்த கதையை அங்கேயே சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி கைப்பிடியிற் சாய்ந்து நெடுநேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், எவ்வளவு நேரமாகப் பார்க்கிறேன், தண்ணீர் இறங்கவே இல்லையே" என்றாள். 2008இல் முகத்துவாரத்தில் மரினா அணை கட்டிக் கடலை வெளியே நிறுத்திவிட்டதையும், இது இப்போது குடிநீர்த் தேக்கம் என்பதையும், இதில் ஓதமே இல்லை என்பதையும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து, படகு காத்திருந்த இடம் என்று தான் வரைந்து வைத்திருந்த படத்தின் பக்கத்தில் அந்த ஆண்டை எழுதிக்கொண்டாள்.